மிதவைச் சட்டையின் சிறு கசிவுகள்: கண்டறிதலும் அடைத்தலும்

முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கில், மூழ்குபவர் மேலே எழாமலும் கீழே இறங்காமலும் விரும்பிய ஆழத்தில் நிற்கத் துணைசெய்வது காற்றுப்பை பொருத்திய மிதவைச் சட்டையாகும். டைவிங் கடைகளில் அதைப் பி.சி.டி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். அதன் பை பெரும்பாலும் உட்புறம் பாலியூரிதேன் பூசிய நைலான் துணியால் ஆனது; துணியின் விளிம்புகள் நூலால் தைக்கப்படாமல், உயர் அதிர்வெண் மின்காந்த அலை தரும் வெப்பத்தால் ஒன்றோடொன்று உருக்கி இணைக்கப்படுகின்றன. பையிலிருந்து இடத்தோளின் மேலாக ஒரு நெளிகுழாய் இறங்குகிறது. சிலிண்டர்க் காற்றை உள்ளே விடும் பொத்தானும், வாயால் ஊதவும் காற்றைக் கழிக்கவும் உதவும் இன்னொரு பொத்தானும் கொண்ட இன்ஃப்ளேட்டர் அதன் முனையில் இருக்கிறது. தோளிலும் இடுப்பின் பின்புறத்திலும் கயிற்றை இழுத்தால் திறக்கும் வெளியேற்று வால்வுகள் உண்டு; அவற்றுள் ஒன்றேனும், பை அளவுக்கு மீறி உப்பும்போது தானே திறந்து பையைக் கிழியாமல் காக்கும் மிகையழுத்த வால்வாகவும் வேலை செய்யும்.

பை இளைத்துப்போகிறது என்று தெரிந்ததும் துணியில் ஓட்டை விழுந்துவிட்டதாக முடிவுகட்டிப் பசையைத் தேடுவது பலரிடமும் காணப்படும் அவசரம். உண்மையில் சிறு கசிவுகளில் பெரும்பாலானவை துணியில் இருப்பதில்லை. வால்வின் இருக்கையில் சிக்கிய மணல்துகள், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தில் படிந்த உப்பு, நெளிகுழாயின் முனையில் தளர்ந்த கட்டு ஆகியவற்றில்தான் இருக்கின்றன. இவற்றுக்குப் பசை மருந்தாகாது. வால்வின் மேல் பூசிய பசை, எளிதாகக் கழுவிச் சரிசெய்திருக்கக்கூடிய உறுப்பையும் பாழாக்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயம் அடைப்பதைவிடக் கண்டறிவதற்கே கூடுதல் இடம் தருகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் மூழ்கும் நீர்நிலைகள் ஒவ்வொன்றும் சட்டையை ஒவ்வொரு விதமாகச் சேதப்படுத்துகின்றன. நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் டைவிங் என்பது பெரிதும் கப்பற்சிதைவுகளைக் காண்பதே. 1964 நவம்பரில் ஷாலோம் என்ற பயணிகள் கப்பல் மோதியதால் துண்டான ஸ்டோல்ட் டகாலி என்ற சரக்குக் கப்பலின் பின்பகுதி ஏறத்தாழ 130 அடி ஆழத்தில் கிடக்கிறது, அதைக் காணச் செல்பவரின் முதுகில் துருவேறிய இரும்பின் முனையும், அதன்மேல் அப்பிய சிப்பிகளின் விளிம்பும், அறுந்த மீன்வலையும் உரசுகின்றன. கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து வார இறுதியில் மான்டரேக்குச் சென்று சான் கார்லோஸ் கடற்கரையிலோ பாயின்ட் லோபோஸிலோ இறங்குபவர்களுக்குக் கடல்முள்ளெலிகளே முதல் எதிரி. ஊதாநிற முள்ளெலியின் முள் துணியில் ஏறி உள்ளேயே முறிந்துவிடுவதால், அந்த நுனியை எடுக்காமல் மேலே ஒட்டினால் அடுத்த முறை பை உப்பும்போது அதே முள் ஒட்டையும் துளைத்துவிடும். டெக்சஸில் ஆஸ்டினுக்கு அருகிலுள்ள டிராவிஸ் ஏரியில் மூழ்கிய மரங்களில் சிக்கிய தூண்டில்முட்களும், 2017இல் அங்கே இருப்பது உறுதியான வரிக்குதிரைச் சிப்பியின் கூரிய ஓடுகளும் துணியைக் கீறுகின்றன. இந்தச் சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் பைக்குள் தேங்கிய நீரில் அடுத்த ஏரிக்குப் பயணம் செய்யக்கூடும் என்பதால், உட்புறத்தை வடித்து உலர்த்துவது சட்டைக்கு மட்டுமல்லாமல் ஏரிகளுக்கும் செய்யும் காவலாகும்.

கசிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதன் ஆபத்தையே மாற்றிவிடும். நீருக்கடியில் பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. வெளியிலுள்ள நீரின் அழுத்தமோ பையின் அடிப்பகுதியில் கூடுதலாகவும் மேற்பகுதியில் குறைவாகவும் இருக்கிறது. எனவே காற்றைத் துளை வழியே தள்ளும் அழுத்த வேறுபாடு மேற்பகுதியில்தான் மிகுதி. காற்று நிற்கும் பகுதியின் உயரம் 40 சென்டிமீட்டர் என்றால், அந்த வேறுபாடு 40 சென்டிமீட்டர் நீரின் அழுத்தமே, அதாவது சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டைவிடச் சற்றே கூடுதல். இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஆழம் கூடுவதால் மட்டும் கசிவின் வேகம் கூடிவிடுவதில்லை என்பது ஒன்று. நிமிர்ந்து நிற்கும்போது தோளருகே உள்ள துளை காற்றை விடாமல் கக்க, இடுப்பருகே உள்ள துளையோ வாளா இருக்கும் என்பதும், தலைகீழாகக் கவிழ்ந்தால் நிலைமை தலைமாறும் என்பதும் மற்றொன்று. படகின் மேல்தளத்தில் கசியாத சட்டை நீரில் மட்டும் கசிவதாகத் தோன்றுவதற்கும், ஒரு நாள் கசிந்து மறுநாள் கசியாதிருப்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். எந்த நிலையில் குமிழ்கள் எழுந்தன என்று உடன் மூழ்கியவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், தேடலில் பாதி கரையேறும்போதே முடிந்துவிடும்.

கண்டறிதல்

சோதனைக்கு முன் சட்டையை நல்ல நீரில் அலசி, இன்ஃப்ளேட்டரின் வாயூதும் முனை வழியாகப் பைக்குள்ளும் நீரை விட்டுக் குலுக்கி, கீழ் வால்வு வழியே வடித்துவிட வேண்டும். இந்த ஒரு கழுவலிலேயே உப்பும் மணலும் நீங்கிச் சில கசிவுகள் தீர்ந்துபோவதுண்டு. பிறகு சட்டையைச் சிலிண்டரிலிருந்து கழற்றி, மிகையழுத்த வால்வு சீறும் வரை வாயால் ஊதி, வெப்பநிலை மாறாத அறையில் ஓர் இரவு வைக்க வேண்டும். வெப்பநிலையைப் பற்றிய இந்த எச்சரிக்கை அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பகலில் 30 டிகிரி செல்சியஸில் ஊதிய காற்று இரவில் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், துளை எதுவும் இல்லாமலே அதன் கன அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்கிவிடும். ஃபிரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ காரேஜில் தொங்கவிட்ட சட்டை காலையில் தொய்ந்திருப்பதைப் பார்த்துப் பதறுவோர் முதலில் வெப்பமானியைப் பார்ப்பது நல்லது.

இரவுச் சோதனை கசிவு உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்; எங்கே என்பதை நீர்தான் சொல்ல வேண்டும். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலவே, உப்பிய பையைக் குளியல் தொட்டியில் பகுதி பகுதியாக அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் நைலான் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று முதலில் பல இடங்களிலிருந்தும் குமிழாக எழுந்து ஏமாற்றும்; உள்ளங்கையால் துணியைத் தடவி அவற்றைத் துடைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், உண்மையான துளை மட்டும் அதே புள்ளியிலிருந்து, ஏறக்குறைய அதே இடைவெளியில், குமிழைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியுறை தனியாகவும் உட்பை தனியாகவும் உள்ள சட்டைகளில் குமிழ் உறைக்குள்ளேயே ஊர்ந்து, தையல் துளை ஒன்றின் வழியாகத் தொலைவில் தலைகாட்டும் என்பதால், ஜிப்பைத் திறந்து உட்பையை வெளியே எடுத்த பிறகே அதைச் சோதிக்க வேண்டும். தொட்டி இல்லாதவர்கள் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் கலந்த நீரைத் தெளித்து நுரை வளரும் இடத்தைப் பார்க்கலாம். கண்ட இடத்தை ஈரத்திலும் எழுதும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, மீதிப் பையையும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஒரு துளையைக் கண்ட மகிழ்ச்சியில் தேடலை நிறுத்துபவர்கள் இரண்டாம் துளையைக் கடலில் சந்திக்கிறார்கள்.

வால்வுகளும் குழாயும்

குமிழ் வால்விலிருந்து எழுந்தால் மகிழத்தான் வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் பத்து நிமிட வேலை. வால்வின் மூடியைக் கருவியின்றிக் கையால் திருகிக் கழற்றினால், உள்ளே ஒரு சுருள்வில்லும், அது அழுத்திப் பிடிக்கும் தட்டும், தட்டு அமரும் இருக்கையும் தெரியும். இருக்கையின் வளையத்தை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவினாலே அதில் ஒட்டிய மணலோ முடியோ உப்புப்படிகமோ தட்டுப்படும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் அது போய்விடும். வெட்டுப்பட்டோ தட்டையாகிப்போயோ இருக்கும் ஓ-ரிங்கை மாற்றிவிட வேண்டும். புதிய ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் சிலிகோன் கிரீஸ் தடவினால் போதும். தட்டு அமரும் இருக்கையில் கிரீஸ் பூசினால் அதுவே அடுத்த மணலைப் பிடித்துவைக்கும். மூடியைத் திரும்பப் பொருத்தும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, மறை ஒன்றில் ஒன்று இறங்கும் சிறு ‘டக்’ ஓசை கேட்ட பிறகு சரியான திசையில் திருகினால் பிளாஸ்டிக் மறை அழியாது.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு காரணம் வால்வை இழுக்கும் கயிறு. கயிறு குட்டையாகக் கட்டப்பட்டிருந்தாலோ, சட்டையின் பட்டை ஒன்றில் சிக்கியிருந்தாலோ, பை முழுதாக உப்பும்போது கயிறு விறைத்துத் தட்டை ஒரு மயிரிழை தூக்கிவிடும். பாதி உப்பிய நிலையில் கசிவே தெரியாது. நெளிகுழாயை இழுத்தால் தோள் வால்வு திறக்கும் சட்டைகளில் குழாயின் உள்ளே ஓடும் கம்பிவடத்துக்கும் இதே குறை நேரும். குழாயைப் பொறுத்தவரை அதை இரு கைகளாலும் விரித்து நெளிவுகளின் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். அங்கே வெடிப்பு தெரிந்தால் புதுக் குழாய் வாங்குவதே வழி, ஒட்டுப்போடுவதில் பயனில்லை. முனைகளில் உள்ள பிளாஸ்டிக் கட்டு தளர்ந்திருந்தால் புதிய கட்டுப் போட்டுக் கூர்முனையை மழித்துவிடலாம்.

இன்ஃப்ளேட்டரைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதன் கசிவு நேர் எதிரானது: காற்று வெளியேறாமல் உள்ளே நுழைகிறது. ரெகுலேட்டரின் முதல் நிலை, சிலிண்டரின் உயர் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 140 பவுண்டாகக் குறைத்து ஒரு குழாய் வழியாக இன்ஃப்ளேட்டருக்கு அனுப்புகிறது; அங்கே கார் டயரில் இருப்பதைப் போன்ற ஷ்ரேடர் வால்வு அதைத் தடுத்து நிற்கிறது. அந்த வால்வு உப்பால் இறுகினால் பை தானாகவே மெல்ல உப்பி, மூழ்குபவரைக் கட்டுப்பாடின்றி மேலே தூக்கும். நுரையீரலில் விரியும் காற்றும், உடலில் கரைந்த நைட்ரஜனும் வேகமான ஏற்றத்தில் விளைவிக்கும் கேட்டை நினைத்தால், கீழ்நோக்கி இழுக்கும் கசிவைவிட இதுவே அஞ்சத்தக்கது. காற்றில்லாத பையோடு குழாயை இணைத்து அரை மணிநேரம் விட்டால், பை சற்றேனும் பருத்திருப்பது இக்குறையைக் காட்டிக்கொடுக்கும். இதைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் கொடுப்பதே முறை. குறை இன்ஃப்ளேட்டரில் இல்லாமல், அழுத்தத்தை மெல்ல ஏறவிடும் முதல் நிலையிலும் இருக்கலாம், அதை அளக்கும் கருவி அவரிடமே உண்டு. நீருக்கடியில் இது நேர்ந்தால் உடனே குழாயை இன்ஃப்ளேட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, வால்வைத் திறந்து காற்றைக் கழிக்க வேண்டும். கையுறையோடு இதைச் செய்யும் பழக்கம் மான்டரேயின் குளிர்நீரில் மூழ்குவோருக்கு இன்றியமையாதது.

துணியை அடைத்தல்

துணியின் நடுப்பரப்பில், இணைப்புகளிலிருந்து விலகி, ஊசிமுனை முதல் சில மில்லிமீட்டர் வரை உள்ள துளையையே வீட்டில் அடைக்கலாம். அதற்குரிய பசை யூரிதேன் வகையைச் சேர்ந்தது. அமெரிக்கக் கடைகளில் அக்வாசீல் என்ற பெயரில் கிடைப்பது இவ்வகையில் பலரும் அறிந்தது. உலர்ந்த பிறகும் ரப்பரைப் போல வளைந்து நீள்வதே இதன் சிறப்பு. சூப்பர் குளூ கண்ணாடி போல் இறுகி, பை மடங்கும்போது வெடிக்கும். சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டும் சொல்யூஷன் ரப்பரோடு பிணையும், பாலியூரிதேனோடு பிணையாது. சிலிகோன் சீலன்ட் இவை எல்லாவற்றிலும் தீயது; அது தானும் ஒட்டாமல், துணியில் விட்டுச்செல்லும் படலத்தால் பின்னர் எந்தப் பசையையும் ஒட்டவிடாது.

துளையைச் சுற்றி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உள்ளும் புறமும் ஈரம் போகப் பையை முழுமையாக உலர்த்த வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அதில் அவசரப்பட்டவர்களின் ஒட்டே முதல் மாதத்தில் உரிகிறது. அடுத்து, உள்ளே இருக்கும் காற்று பசையைத் தள்ளிக் குமிழ் போடாதபடி வெளியேற்று வால்வைத் திறந்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் பையை முழுதாகத் தட்டையாக்கினால் துளை வழியே இறங்கும் பசை எதிர்ச் சுவரையும் சேர்த்து ஒட்டிவிடும். ஆகவே பையின் மடிப்புகளை அடியில் சுருட்டிய துண்டால் தாங்கி, இரு சுவர்களும் தொடாமல், ஆனால் அழுத்தமும் இல்லாமல் நிறுத்துவதே இவ்வேலையின் நுட்பம். பிறகு துளையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் கால் அங்குலமேனும் பரவும்படி பசையை மெல்லிய வட்டமாகப் பூசி, இழைகளுக்குள் இறங்கும்படி குச்சியால் லேசாகத் தேய்க்க வேண்டும். வெட்டு நீளமாக இருந்தால் அதே வகைத் துணித்துண்டு ஒன்றைப் பசையில் பதித்து, மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்கலாம். இப்பசையில் சுவாசத்தை உறுத்தும் ஐசோசயனேட் உண்டு என்பதால் சன்னல் திறந்த இடத்தில், கையுறை அணிந்து வேலை செய்வது கட்டாயம்.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரப்பதத்தை வாங்கி இறுகுவது. ஊருக்கு ஊர் அது இறுகும் வேகம் மாறுவதன் காரணம் அதுவே. அட்டையில் 8 முதல் 12 மணிநேரம் என்று போட்டிருந்தாலும், ஹீட்டர் ஓடும் நியூஜெர்சி வீட்டின் வறண்ட குளிர்காலக் காற்றில் அதற்கும் கூடுதலாக ஆகலாம். படகுகள் குறைந்த குளிர்மாதங்களில்தான் அங்கே பலரும் பழுதுபார்க்க உட்காருகிறார்கள் என்பதால், குளியலறையில் வெந்நீரைச் சற்று ஓடவிட்டு அங்கே வைப்பது பயன்தரும். ஹூஸ்டனின் கோடையில் அதே பசை விரைந்து இறுகும். ஆனால் அதே வெக்கையும் ஈரமும் மூடிய காரேஜில் மாதக்கணக்கில் கிடக்கும் பையின் பாலியூரிதேன் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும், ஆகவே சட்டையை வீட்டுக்குள் வைப்பதே நல்லது. எந்த ஊரானாலும் ஒரு முழு நாள் கழித்தே சோதனை தொடங்க வேண்டும். திறந்த ட்யூபை நன்றாக மூடி உறைபெட்டியில், உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி வைத்தால் அது அடுத்த பருவம் வரை இறுகாதிருக்கும்.

கால்வெஸ்டனிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் உள்ள ஃபிளவர் கார்டன் பேங்க்ஸ் பவளத்திட்டுகளுக்குப் படகிலேயே தங்கிச் செல்பவர்களுக்கு ஒரு நாள் காத்திருக்க நேரமிருக்காது. அவர்கள் பசையோடு கலக்கும் விரைவூட்டித் திரவத்தை எடுத்துச் சென்றால் இரண்டு மணிநேர அளவில் இறுகச் செய்யலாம்; ஆனால் அப்படி அடைத்த சட்டையோடு இறங்குவதைவிடப் படகில் உள்ள வாடகைச் சட்டையை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. நீர்ப்பரப்பில் இருப்பிடத்தைக் காட்ட ஊதி அனுப்பும் அடையாள மிதவைக்கு அந்த அவசர ஒட்டு தாராளமாகப் போதும், ஏனெனில் அது சில நிமிடம் நின்றாலே தன் வேலையைச் செய்துவிடுகிறது.

உலர் உடை

ட்ரைசூட் எனப்படும் உலர் உடை உடலை நனையாமல் காத்து, உள்ளே காற்றடுக்கை வைத்துக் குளிரைத் தடுப்பது. இதில் சிக்கல் காற்று வெளியேறுவதைவிட நீர் உள்ளே நுழைவதே. நியூஜெர்சிக் கடலின் அடிநீர் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கும் கோடையிலும் கடுங்குளிராகவே நிற்பதால், அங்கே முழங்கையில் நுழையும் ஒரு சிறு ஒழுக்கு மூழ்குதலையே முடித்துவைக்கும். மணிக்கட்டுத் திறப்புகளில் பிளாஸ்டிக் பாட்டில்களையும் கழுத்தில் பந்து ஒன்றையும் செருகி அடைத்து, உடையை மிதமாக உப்பவைத்துச் சோப்பு நுரை தடவினால் துளை தெரியும். துணியிலும் இணைப்பிலும் உள்ள சிறு துளைகளை உட்புறத்தில் அதே யூரிதேன் பசையால் அடைக்கலாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேடெக்ஸ் பட்டையில் கீறல் விழுந்தால் அதை ஒட்டி நம்புவதற்கில்லை, மாற்றவே வேண்டும். லேடெக்ஸை ஓசோன் வாயு அரிப்பதால், மின்மோட்டார் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் ஹீட்டருக்கும் அருகில் உடையைத் தொங்கவிடக் கூடாது.

உருக்கி இணைத்த விளிம்பு பிரியத் தொடங்கிய பை, உட்பூச்சு உரிந்து வால்வு வழியே பொடியாகவோ பிசுபிசுப்பாகவோ வெளிவரும் பை, பல இடங்களில் ஒரே நேரத்தில் கசியும் பை ஆகியவை வீட்டுப் பழுதுக்கு உரியவை அல்ல. விளிம்பில் பூசிய பசைக்குக் கீழே இணைப்பு தொடர்ந்து பிரிந்துகொண்டே போகும். அது முழுதாகத் திறப்பது, பை மிக உப்பியிருக்கும் நேரத்தில், அதாவது மிதப்பு மிகத் தேவைப்படும் நேரத்தில்தான். அத்தகைய பையைத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், அல்லது கைவிடலாம்.

அடைத்த சட்டை இரவுச் சோதனையையும் நீர்ச் சோதனையையும் மீண்டும் கடந்த பிறகு, முதல் இறக்கம் நின்றால் தலை வெளியே தெரியும் ஆழத்தில், நிமிர்ந்தும் கவிழ்ந்தும் புரண்டும் நிகழ வேண்டும். அதற்கு ஊர் நீச்சல் குளமே போதும். குளோரின் பையின் பூச்சுக்கு ஆகாது என்பதால் பின்னர் உள்ளும் புறமும் அலசிவிட வேண்டும். வெட்சூட் எனப்படும் ஏழு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈர உடை அணிபவர்கள், ஆழத்தில் அந்த உடை நசுங்கி மிதப்பை இழப்பதால் பையையே மிகுதியும் நம்புகிறார்கள். அவர்கள் இடுப்பு எடையில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டால், காற்றில்லாத பையோடும் துடுப்பை உதைத்து மேலே வர இயலுகிறதா என்பதைக் குளத்திலேயே சரிபார்த்து, இயலாவிட்டால் எடையின் அளவையும் அதைப் பகிர்ந்து கட்டும் இடத்தையும் மாற்றிக்கொண்ட பிறகே கடலுக்குப் போக வேண்டும்.